ஏற்றத்தில் ஒரு புகை, இறக்கத்தில் ஒரு புகை

(கள்ளக்குறிச்சியில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கூடியிருந்த பயிற்சிக் கூட்டத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



காலையிலிருந்து எழுத்தறிவையும் எண்ணறிவையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் புகையைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை நிறுத்தியிருக்கிறார்கள். தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். ஆனால் வெளியே வேப்பமரத்தடியில் பழைய காரை நிறுத்திவிட்டு வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் விழித்திருங்கள்.

மேல்நிலை வகுப்புகளுக்கு அடிப்படைத் தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிக்கிறேன். பள்ளியில் என் பெயர் ஆட்டோ மெக்கானிக் சார். அதனால் ஆசிரியர் அறையில் யார் வண்டி இருமினாலும் முதலில் என்னிடம்தான் செய்தி வரும். அப்படி வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே செய்தி: "சார், வண்டி ஆயில் குடிக்குது. புகை தள்ளுது. இன்ஜினை இறக்கணும்னு சொல்லிட்டாங்க."

இது ஏதோ சொந்தச் செலவுக் கணக்கு, கூட்டத்தில் பேச வேண்டிய பொருளா என்று நீங்கள் நினைக்கலாம். நம் மாவட்டத்தின் நிலையைப் பாருங்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறி, வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் உள்ள பள்ளிகளுக்குத் தினமும் போய்வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பேருந்து நேரமும் பள்ளி நேரமும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆகவே நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் பங்கு போட்டு ஏறுகிறீர்கள். அந்தக் கார் பெரும்பாலும் மாருதி 800ஆகவோ ஆம்னியாகவோ இருக்கும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. அப்படியானால் இன்று சாலையில் ஓடுகிற மிக இளைய மாருதி 800கூடப் பத்து வயதைத் தாண்டியது. அந்த ஒரு கார் பட்டறையில் நின்றுவிட்டால் நான்கு பள்ளிகளில் முதல் பாடவேளை போய்விடுகிறது. ஈராசிரியர் பள்ளியாக இருந்தால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அதனால்தான் இதைப் பொதுவில் பேசலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் புகையின் நிறத்திலிருந்து தொடங்குவோம். வெள்ளை, கறுப்பு, நீலம் என்று மூன்று நிறம். வெள்ளை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். மனப்பாடம் தவறில்லை, ஆனால் போதாது.

வெள்ளைப் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழி மாதம் கரியாலூரில் காலை ஏழு மணிக்கு எந்த நல்ல காரை ஸ்டார்ட் செய்தாலும் சைலன்சரிலிருந்து வெள்ளையாக வரும், துளித்துளியாகத் தண்ணீரும் சொட்டும். பலர் பயந்துவிடுகிறார்கள். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். ஹைட்ரஜன் எரிந்தால் நீர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் நம்பாது. ஆக்டேனின் எரிதல் சமன்பாட்டைக் கரும்பலகையில் சமப்படுத்திக் காட்டினால் நம்பும். 114 கிராம் ஆக்டேனிலிருந்து 162 கிராம் நீர் வருகிறது, ஏனென்றால் ஆக்சிஜன் வெளியிலிருந்து வந்து சேர்கிறது. அந்த நீர் வெயில் நாளில் ஆவியாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. குளிரில் வெள்ளையாகத் தெரிகிறது. சைலன்சர் சூடானதும் நின்றுவிட்டால் கவலை வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய வெள்ளைப் புகை வேறு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், வெயில் ஏறிய பிறகும் அடர்த்தியாக வந்துகொண்டே இருக்கும். லேசான இனிப்பு வாடை அடிக்கும். ரேடியேட்டரில் தண்ணீர் அளவு நாளுக்கு நாள் குறையும். ஹெட் கேஸ்கட் போய், குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் பால் கலந்த காப்பி போல இருந்தால் அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணெய் போல ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். குளிர் காலத்தில் குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

கறுப்புப் புகையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். காற்றுக்குத் தேவையானதைவிட எரிபொருள் அதிகம், அதனால் கார்பன் முழுதும் எரியாமல் கரியாக வருகிறது. பெட்ரோல் கார் என்றால் ஏர் ஃபில்டர் அடைப்பு, சோக் மாட்டிக்கொண்டது, இன்ஜெக்டர் அல்லது சென்சார் கோளாறு. டீசல் என்றால் கூடுதல் சுமையும் சேரும். அரைவைப் பருவத்தில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களைப் பார்த்தால் போதும், விளக்கமே வேண்டாம். நம் மலைக்கு மட்டும் உரிய ஒரு சங்கதி உண்டு. சின்னக் கல்வராயன் பகுதி சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் பகுதி ஏறத்தாழ 4,000 அடி என்று சொல்வார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 11 விழுக்காடு குறைவு. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிக்கு இது தெரியாது. கீழே சரியாக டியூன் செய்த கார்புரேட்டர் மேலே போனதும் சற்றுக் கூடுதலாகப் பெட்ரோல் கலந்து அனுப்பும். அதனால் மேலே லேசாகக் கறுத்துக் கீழே வந்ததும் சரியாகிவிடும் வண்டியில் பெரிய பழுது எதுவும் இல்லை.

இப்போது நீலம். இதில்தான் நம் பணம் போகிறது.

ஆயில் எரிந்தால் ஏன் நீலமாகத் தெரிகிறது என்று என் மாணவர்களிடம் கேட்பேன். "ஆயில் கலர் சார்" என்பார்கள். ஆயில் தேன் நிறம்தானே, நீலம் எங்கிருந்து வந்தது? பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் ஒளிச்சிதறல் நடத்துகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். சூட்டில் ஆவியாகிப் பாதி எரிந்து வெளியே வரும் ஆயில் மிக நுண்ணிய துளிகளாக உறைகிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளிகள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். நீராவித் துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் சமமாகச் சிதறடிக்கின்றன, அதனால் வெள்ளை. கரித்தூள் ஒளியை உறிஞ்சிவிடுகிறது, அதனால் கறுப்பு. ஆகவே சூரியனுக்கு எதிரே, புகைக்குப் பின்னால் இருட்டான மரமோ சுவரோ இருக்கும்படி நின்று பாருங்கள், நீலம் தெளிவாகத் தெரியும். அதே புகையை வெளிச்சமான வானத்தின் முன்னே வைத்துப் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். "நீலமா இல்லையா" என்று கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இருவரும் நின்ற இடம்தான்.

கண்ணை நம்பாவிட்டால் ஒரு வெள்ளைத் துணி போதும். சைலன்சர் வாயிலிருந்து ஒரு அடி தள்ளி அரை நிமிடம் பிடியுங்கள். நீர்த்துளி மட்டும் என்றால் காய்ந்துவிடும். உலர்ந்த கரி என்றால் தட்டினால் உதிரும். ஆயில் என்றால் பிசுபிசுப்பாக ஒட்டி, காய்ந்தாலும் எண்ணெய்க் கறை நிற்கும். திறந்த வெளியில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ஆயில் குறைகிறது என்றாலே எரிகிறது என்று பொருள் அல்ல. இரவில் இன்ஜினுக்கு நேர் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை இருந்தால் ஆயில் ஒழுகுகிறது. மேல் மூடி கேஸ்கட்டோ, கிராங்க் ஆயில் சீலோ கசிந்திருக்கலாம். ஒழுகலுக்கும் எரிதலுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அடுத்து அளவு. "நிறையக் குடிக்குது" என்றால் எவ்வளவு? கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒரு சிறு நோட்டுப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள், காலையில், சமதரையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடைப்பட்ட அளவு பல கார்களில் முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. எத்தனை கிலோமீட்டரில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறியுங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குறைந்தால், வண்டியின் வயதைப் பார்த்து நான் விட்டுவிடுவேன். அரை லிட்டருக்கு மேல் போனால் காரணம் தேடுவேன். இது என் அளவுகோல், சட்டம் அல்ல. எட்டாம் வகுப்பில் வரைபடம் நடத்துகிறவர்கள் அந்த நோட்டை அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போகலாம். கிடைமட்ட அச்சில் கிலோமீட்டர், செங்குத்து அச்சில் ஊற்றிய ஆயில். கோடு எந்த இடத்தில் திடீரென்று செங்குத்தாக ஏறுகிறது என்று பிள்ளைகள் காட்டுவார்கள்.

இன்னொன்று. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரிகிற வரை காத்திருக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. ஆயில் குறைந்த வண்டி கொண்டை ஊசி வளைவில் சாயும்போது, அடியில் உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். வளைவில் மட்டும் விளக்கு மின்னி மறைந்தால் உடனே ஓரமாக நிறுத்தி அளவு பாருங்கள். அடுத்த வளைவிலும் அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். பிறகு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்கிற பேச்சு உண்மையாகிவிடும்.

ஆயில் சிலிண்டருக்குள் வர முக்கியமான வழி இரண்டு. கீழிருந்து வரலாம்: பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்து, ரிங் வழிக்காமல் விட்ட ஆயில் எரியும். மேலிருந்தும் வரலாம்: வால்வுகள் ஏறி இறங்கும் கைடு துளையின் மேல் ஒரு சிறிய ரப்பர் தொப்பி இருக்கிறது, அதைத்தான் வால்வு சீல் என்கிறோம். ஆண்டுகள் போகப் போகச் சூட்டில் அந்த ரப்பர் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். ஆயில் வால்வுத் தண்டு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். முதல் வகைக்கு இன்ஜினை இறக்கி, ரிங் மாற்றி, தேவைப்பட்டால் லேத்தில் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். இரண்டாம் வகைக்குச் சீல் மாற்றினால் போதும். பொருளின் விலை சில நூறு ரூபாய், கூலிதான் பெரிது. சைலன்சரில் வருவது இரண்டிலும் அதே நீலப் புகை.

கணக்கு ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 52இலிருந்து 38 போனால் எவ்வளவு என்று கேட்கிறோம். ஒரு பிள்ளை 26 என்கிறது, இன்னொரு பிள்ளை 24 என்கிறது. இரண்டும் தப்பு. ஆனால் 26 சொன்ன பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 24 சொன்ன பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும், பத்தாமிடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டது. இருவருக்கும் ஒரே பாடத்தை முதலிலிருந்து நடத்துவது, வால்வு சீல் போன வண்டிக்கு இன்ஜினை இறக்குவது மாதிரி.

எப்போது புகைகிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரிக்கலாம். அதற்கு நம் மலைப்பாதையைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

மலையேறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருக்கிறீர்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம் அதிகம். ரிங் தேய்ந்திருந்தால் அந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி, ஆயில் பாத்திரத்தில் அழுத்தத்தைக் கூட்டும். பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவி ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வரும். ஆகவே ஏற்றத்தில் தொடர்ச்சியாக நீலப் புகை, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் ஈரம், பிக்கப் குறைவு, ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் தளர்த்தினால் புகைபுகையாக வாயு தள்ளுவது ஆகியவை சேர்ந்து இருந்தால் ரிங் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இறக்கம் வேறு கதை. இரண்டாவது மூன்றாவது கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இன்ஜின் பிடிப்பில் இறங்குகிறீர்கள். பிஸ்டன்கள் வேகமாக ஓடுகின்றன, ஆனால் காற்று வரும் வழி மூடியிருக்கிறது. உறிஞ்சுகுழல் வழியாகப் பானம் குடிக்கும்போது அதன் முனையை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், அதே நிலைமைதான். உள்ளே அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. தளர்ந்த வால்வு சீல் வழியே மேலிருந்து ஆயில் உள்ளே இழுக்கப்படுகிறது. இறங்கி முடிந்து, அணைப் பக்கம் சமதரை வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிப்பீர்கள். அப்போது பின்னால் ஒரு நீல மேகம் எழும்பி, சற்று நேரத்தில் கலைந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒருமுறை நீலமாக ஊதிவிட்டு நின்றுவிடுவதும், சிக்னலில் நெடுநேரம் நின்று கிளம்பும்போது ஊதுவதும் இதே வகைதான்.

ரிங் மோசமாகத் தேய்ந்த வண்டியும் இறக்கத்தில் கொஞ்சம் ஆயிலை இழுக்கும், அதனால் இறக்கப் புகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏற்றத்தில் சுத்தமாக இருந்து, இறங்கியதும் ஊதினால்தான் வால்வு சீல் மேல் பலமான சந்தேகம்.

ஒரு நடந்த கதை. மலைப்பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் தமிழாசிரியை ஒருவர், வேறு மூன்று ஆசிரியர்களோடு சேர்ந்து பழைய மாருதி 800இல் போய்வருகிறார். வண்டி அவருடையது. ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில். பட்டறையில் ஸ்டார்ட் செய்து பார்த்து, இன்ஜின் வேலை, நாற்பதாயிரம் ஆகும், பத்து நாள் வண்டி நிற்கும் என்றார்கள். வண்டியே அவ்வளவு பெறாது. விற்றுவிட்டு இடமாறுதலுக்கு எழுதிப் போடலாமா என்கிற அளவுக்கு டீச்சர் வந்துவிட்டார். அந்தப் பள்ளியில் அவரோடு சேர்த்து மொத்தம் இரண்டே ஆசிரியர்கள்.

வண்டியை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவரச் சொன்னேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். ஸ்டார்ட் செய்தோம், புகையே இல்லை. இன்ஜினைச் சூடாக்கி ரேஸ் செய்தோம், அப்போதும் பெரிதாக இல்லை. அப்போது ஒரு மாணவன், மலையடிவாரத்தில் சாலையோரம் அவன் வீட்டார் டீக்கடை வைத்திருக்கிறார்கள், பின்னாலிருந்து சொன்னான்: "சார், இந்த வண்டிய தினம் பாக்குறேன் சார். காலைல மேல ஏறும்போது ஒண்ணும் இருக்காது. சாயந்திரம் இறங்கி வந்து எங்க கடைகிட்ட மிதிக்கும்போதுதான் ஒரு ஊது ஊதும். எங்கம்மா பலகாரத்த மூடி வைப்பாங்க."

வகுப்பே சிரித்தது. நான் அவனைக் கரும்பலகைக்கு வரச் சொல்லி, சொன்னதை எழுதச் சொன்னேன். ஏற்றத்தில் இல்லை, இறக்கத்துக்குப் பிறகு உண்டு. அதற்குள் இன்னொரு மாணவி, "அப்ப மேலேருந்துதான சார் வருது?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்டதோடு விடவில்லை, சோதித்தோம். மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாகக் காகிதத்தில் வைத்தோம். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக் முனை வெளிர்பழுப்பாக இருக்கும். கரி படிந்தது உலர்ந்த கறுப்பு, ஆயில் பட்டது பளபளப்பான ஈரக் கறுப்பு. மூன்றிலும் கொஞ்சம் ஆயில் ஈரம், ஒன்று மட்டும் மோசம் என்று இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டி உலர்ந்திருந்தது. பிறகு பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்தோம். மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால், ஊற்றிய ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்து, அளவு நன்றாக ஏறும். இங்கே ஏறவில்லை. ரிங் நலமாக இருக்கிறது.

முடிவை ஒரு தாளில் எழுதி, அளவுகளோடு டீச்சரிடம் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குத்தான் போனார். பட்டறைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வண்டியைப் பார்த்தது சமதரையில், பத்து நிமிடம். புகையும் ஆயில் கணக்கும் சொன்னால் யாரும் முதலில் ரிங்கைத்தான் நினைப்பார்கள். தாளைப் படித்துவிட்டு, ஹெட்டைக் கழற்றாமலே பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வுகளைத் தாங்கிப் பிடித்துச் சீல்களை மாற்றிக் கொடுத்தார். காற்று இல்லாத இடத்தில் பருத்திக் கயிற்றைத் துளை வழியாக உள்ளே திணித்து வால்வைத் தாங்க வைப்பவர்களும் உண்டு. கழற்றிய சீல்களைக் கேட்டு வாங்கி வகுப்பில் வைத்திருக்கிறேன். நகத்தால் அழுத்தினால் அமுங்காது. புதுச் சீல் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அது அமுங்கும். இரண்டு நாளில் வண்டி வந்துவிட்டது. அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் அரை விரற்கடைகூட இறங்கவில்லை என்று நோட்டில் எழுதியிருக்கிறார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் ஆம்னியைப் பார்த்தபோது ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கி நின்றது. இரண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் மற்ற இரண்டைவிட வெகு குறைவு, ஆயில் விட்டதும் சட்டென்று ஏறியது. அங்கே ரிங்தான். வேறு பேச்சில்லை. "ஐயா, இதற்கு இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும், வண்டியின் விலையோடு செலவை ஒப்பிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொன்னேன். கெட்டியான ஆயில் ஊற்றியோ புகை நிறுத்தும் மருந்து என்று கடையில் விற்கும் டப்பாவை ஊற்றியோ ஓட்டலாமா என்று கேட்டார். கொஞ்ச நாள் புகை குறையும், தேய்ந்த இரும்பு வளராது. ரிங் தேயாமல், ஆயில் மாற்றாமல் விட்டதால் கரி பிடித்து ஒட்டிக்கொண்ட வண்டிகளில் மட்டும், நல்ல ஆயிலை இரண்டு மூன்று முறை சீக்கிரம் சீக்கிரம் மாற்றிப் பார்ப்பதில் பயன் உண்டு.

அந்தக் கெட்டி ஆயில் தந்திரத்தைப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள். விற்பவர் உங்களுக்காக முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் முதல் ஸ்டார்ட் புகை உங்களுக்குத் தெரியாது. காலையில் போங்கள். பானெட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் பின்னால் நிற்க வேண்டும். பிறகு ஏதாவது ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

புகைச் சான்று வாங்கிவிட்டேனே, அதில் தேறிவிட்டதே என்று சிலர் கேட்கிறார்கள். பெட்ரோல் காருக்கு அந்தச் சோதனையில் இன்ஜின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறார்கள். மலையிறங்கி வந்து மிதிக்கும்போது வரும் ஊதல் அந்தக் கருவிக்குத் தெரிய வாய்ப்பில்லை. சான்று தேவை, ஆனால் உங்கள் இன்ஜினின் உடல்நலச் சான்று அதுவல்ல. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் அதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ள வண்டி என்றால் இன்னொரு நட்டமும் உண்டு. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதன் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பள்ளி விட்டதும் நம் காருக்குப் பின்னால்தான் பிள்ளைகள் நிற்கிறார்கள், அதுவும் மலைப்பள்ளிகளில் வண்டி கிளம்புவதைப் பார்க்க ஓடிவந்து நிற்பார்கள். அவர்கள் மூக்கு சைலன்சர் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. டிவிஎஸ் 50 காலத்தில் வளர்ந்த நமக்கு நீலப் புகை வாடை பழகிப்போனது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்றுவோம், அது எரியத்தான் வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் காரில் ஆயில் எரிய வேண்டிய பொருள் அல்ல. வண்டியைக் கிளப்புவதற்கு முன் பிள்ளைகளை முன்பக்கம் வந்து நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவர்கள் கண்ணில் படுவார்கள்.

தேநீர் இடைவேளையில் என் மேசைக்கு வாருங்கள். இறுகிப்போன சீல், புதுச் சீல், மூன்று வகைப் பிளக், கம்ப்ரஷன் கேஜ் எல்லாம் வைத்திருக்கிறேன். வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளில் விருப்பமுள்ளவர்கள் சாவி கொடுத்தால் இரண்டு வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிடலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், அதனால் இப்போதே யாரும் போய் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்.